போனில் பழைய கன்சோல் கேம்கள்: எமுலேட்டர், ரோம், பயாஸ்

பழைய கன்சோல் கேம்களைப் போனில் ஆட நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். ஆப்பை நிறுவிவிட்டு உள்ளே கேமைத் தேடுகிறார்கள், காணோம். கேம் கோப்பு கைக்கு வந்த பிறகு கறுப்புத் திரை வருகிறது. ஆப் சரியில்லை என்று அழித்துவிட்டு இன்னொன்றை நிறுவினால் அதிலும் அதே கதை. இங்கே மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலாவது எமுலேட்டர். அது கேம் அல்ல, ஓர் இயந்திரத்தின் மென்பொருள் வடிவம். 1983இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்று வந்து, பிறகு அமெரிக்காவில் என்இஎஸ் ஆன நின்டெண்டோ பெட்டிக்குள் 1.79 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு ப்ராசஸர், படம் வரைய ஒரு தனி சிப், கொஞ்சம் நினைவகம் ஆகியவை இருந்தன. அந்தச் சிப்புகள் ஒவ்வொன்றும் எந்தக் கட்டளைக்கு என்ன செய்யுமோ, அதையே நிரலாகச் செய்வதுதான் எமுலேட்டரின் வேலை. கேமைப் பொறுத்தவரை அது இன்னமும் அந்தப் பழைய பெட்டிக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது ரோம். கன்சோலில் செருகும் கேட்ரிட்ஜில் உள்ள நினைவகச் சிப்பின் உள்ளடக்கத்தை ஒரு பைட் மாறாமல் நகலெடுத்த கோப்பு அது. 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதுமே 40 கேபிதான்; இன்று போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. சிடியில் வந்த கேம் என்றால் அதன் நகலுக்கு டிஸ்க் இமேஜ் என்று பெயர். அது நூற்றுக்கணக்கான எம்பி வரை போகும்.

மூன்றாவது பயாஸ். கன்சோலை ஆன் செய்ததும் கேமுக்கு முன்னால் ஓடும், அந்தக் கன்சோலுக்கே உரிய மென்பொருள். எல்லா இயந்திரங்களுக்கும் இது வேண்டியதில்லை. என்இஎஸ், சூப்பர் நின்டெண்டோ, சேகாவின் மெகா டிரைவ் கேட்ரிட்ஜ்களுக்குத் தேவையே இல்லை. முதல் பிளேஸ்டேஷனுக்குப் பொதுவாக 512 கேபி அளவில் ஒரு கோப்பு வேண்டும், பிளேஸ்டேஷன் 2க்குக் கட்டாயம் வேண்டும். சோனியின் கையடக்கக் கன்சோலான பிஎஸ்பிக்கு வேண்டாம், ஏன் என்று கீழே வருகிறது.

இனி எது பழுதானாலும் முதல் கேள்வி இதுதான்: மூன்றில் எது? இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆர்வலர்களே எழுதி இலவசமாகத் தரும் கேம்களை ஹோம்ப்ரூ என்பார்கள். கேம் பாய்க்கு எழுதப்பட்ட 'டோபு டோபு கேர்ள்' அப்படி ஒன்று. '240பி டெஸ்ட் சூட்' என்ற சோதனை ரோம் என்இஎஸ், சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், கேம் பாய் அட்வான்ஸ் என்று பல இயந்திரங்களுக்கும் கிடைக்கிறது. முதலில் இவற்றில் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். இது ஓடி உங்கள் கேம் ஓடவில்லையென்றால் பெரும்பாலும் ஆப் மேல் தவறில்லை, கோப்பில்தான் கோளாறு.

பழைய பெட்டி புதிய போனைத் திணறடிப்பது ஏன்

முதல் பிளேஸ்டேஷனின் ப்ராசஸர் வேகம் ஏறத்தாழ 34 மெகாஹெர்ட்ஸ். போனில் உள்ளது 2 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல். கணக்குப்படி ஊதித் தள்ளிவிட வேண்டும். ஆனால் கன்சோலின் ப்ராசஸருக்குப் புரியும் கட்டளைகள் வேறு, போனின் ஏஆர்எம் ப்ராசஸருக்குப் புரிபவை வேறு. பிளேஸ்டேஷன் மிப்ஸ் வகை. மெகா டிரைவில் இருந்தது மோட்டோரோலா 68000. கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பொருள் பார்த்து, நிறைவேற்றுவது இன்டர்ப்ரெட்டர் முறை. கன்சோலின் ஒரு கட்டளைக்குப் போன் பல கட்டளைகளைச் செலவிட வேண்டியிருக்கும். மாறாக, நிரலின் ஒரு துண்டை மொத்தமாக ஏஆர்எம் கட்டளைகளாக மாற்றி வைத்துக்கொண்டு, அந்தத் துண்டு மறுபடி வரும்போதெல்லாம் மாற்றிவைத்ததையே ஓட்டுவது ஜிட் முறை. பிளேஸ்டேஷனும் அதற்குப் பிந்தைய இயந்திரங்களும் போனில் வேகமாக ஓடுவது பெரும்பாலும் ஜிட் தயவில்தான்.

இதைவிடக் கடினம் நேரக் கணக்கு. கன்சோலில் ப்ராசஸர், படச் சிப், ஒலிச் சிப் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடின. எமுலேட்டர் இதைக் கொஞ்சம் அதைக் கொஞ்சம் என்று ஓட்டி, எல்லாவற்றையும் ஒரே கணத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எவ்வளவு சிறு துண்டுகளாக ஓட்டுகிறதோ அவ்வளவு துல்லியம், அவ்வளவு சுமையும்கூட. 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆடும்போது மேலே மதிப்பெண் பட்டை அசையாமல் நிற்க, கீழே உலகம் நகர்கிறது அல்லவா? திரையை மேலிருந்து கீழாக வரைந்துகொண்டு வரும்போது, பட்டையில் உள்ள நாணயத்தின் அடிப்பகுதியைத் தாண்டியதும் கேம் அதைக் கண்டறிந்து, அங்கிருந்து கீழே உள்ள படத்தை மட்டும் நகர்த்துகிறது. நேரக் கணக்கு பிசகினால் பட்டை நடுங்கும், அல்லது கேம் அப்படியே உறைந்து நிற்கும்.

அதனால்தான் கன்சோல் வந்த ஆண்டை வைத்து எமுலேஷனின் கடினத்தை அளக்கக் கூடாது. சேகா சாட்டர்னும் பிளேஸ்டேஷனும் 1994இன் கடைசி வாரங்களில் ஜப்பானில் சில நாள் இடைவெளியில் வந்தவை. பிளேஸ்டேஷன் இன்று சாதாரணப் போனிலேயே சீராக ஓடும். சாட்டர்னுக்குள் இரண்டு முதன்மை ப்ராசஸர்கள், இரண்டு படச் சிப்புகள், ஒலிக்கும் சிடிக்கும் தனித்தனி ப்ராசஸர்கள். இத்தனையையும் ஒத்திசைய வைப்பது இன்றும் பாடாய்ப் படுத்துகிறது. 1996இல் வந்த நின்டெண்டோ 64 இன்னொரு வகைத் தலைவலி. அதன் படச் சிப்புக்கான உள்நிரலைக் கேம் நிறுவனங்களே மாற்றி எழுத முடிந்ததால், ஒரு கேமில் சரியாக வரும் படம் இன்னொன்றில் சிதறும். போனின் வலிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எமுலேட்டரையோ, அதில் படம் வரையும் பகுதியான கிராஃபிக்ஸ் பிளக்இன்னையோ மாற்றினால்தான் தீரும்.

சிப்பை அப்படியே நடிக்காமல், கன்சோலின் இயங்குதளம் தரும் சேவைகளை எமுலேட்டரே தன் நிரலால் கொடுத்துவிடும் குறுக்குவழியும் இருக்கிறது. பிஎஸ்பிக்கான பிபிஎஸ்எஸ்பிபி இப்படித்தான் வேலை செய்கிறது. அதனால்தான் அதற்குப் பயாஸ் கோப்பு தேவையில்லை.

எந்தப் போனில் எது ஓடும்

என்இஎஸ், மாஸ்டர் சிஸ்டம், மெகா டிரைவ், சூப்பர் நின்டெண்டோ, கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ்: இவற்றுக்கு இன்று பயன்பாட்டில் இருக்கும் எந்தப் போனும் போதும். தொடக்கம் இங்கிருந்துதான் இருக்க வேண்டும். பிளேஸ்டேஷன், நின்டெண்டோ டிஎஸ், ட்ரீம்காஸ்ட், பிஎஸ்பி ஆகியவை நடுத்தரப் போனில் ஓடும். பிஎஸ்பியின் கனமான சில கேம்களுக்கு அமைப்புகளைக் கொஞ்சம் குறைக்க வேண்டிவரும். பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் என்றால் கதை வேறு. பிளேஸ்டேஷன் 2க்கான ஏதர்எஸ்எக்ஸ்2 ஆப்பின் மேம்பாடு 2023இல் நின்றுபோனாலும், அது கேட்ட குறைந்தபட்சத் தகுதி இன்றும் நல்ல அளவுகோல்: ஸ்னாப்டிராகன் 845க்கு நிகரான சிப், அதாவது வலுவான பெரிய ப்ராசஸர் கோர்கள் நான்கு. எட்டு கோர் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். எமுலேட்டர் ஒன்றிரண்டு கோர்களைத்தான் கடுமையாகப் பிழியும். எட்டுமே சிறியவையாக இருந்தால் எண்ணிக்கையால் பயனில்லை.

ஐபோனில் 2024 ஏப்ரல் வரை ஆப் ஸ்டோரில் எமுலேட்டர்களுக்கு அனுமதியே இல்லை. விதி தளர்ந்த பிறகு டெல்டா, ரெட்ரோஆர்க், பிபிஎஸ்எஸ்பிபி எல்லாம் வந்துவிட்டன. ஆனால் ஸ்டோர் ஆப்கள் ஜிட் முறையைப் பயன்படுத்த ஆப்பிள் இன்னும் விடுவதில்லை. ஐபோனின் சிப் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் கேம்கியூபுக்கான டால்ஃபின் ஸ்டோரில் இல்லாததற்கு இதுதான் காரணம்.

ஆப் தேர்வில் நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். ஆண்ட்ராய்டில் புதியவர்களுக்கு லெமுராய்டு, ஐபோனில் டெல்டா. இரண்டும் இலவசம், நிறுவியதும் பெரிய அமைப்பு எதுவும் கேட்காதவை. பிஎஸ்பிக்கு மட்டும் தனியாகப் பிபிஎஸ்எஸ்பிபி. அதன் கோல்டு பதிப்பும் இலவசப் பதிப்பும் செயல்பாட்டில் ஒன்றே, பணம் கொடுப்பது உருவாக்குநரை ஆதரிக்க. ரெட்ரோஆர்க்கைப் பரிந்துரைப்பவர்கள் அதிகம். அது எமுலேட்டரே அல்ல, ஒரு சட்டகம். இங்கே கோர் எனப்படும் எமுலேட்டர்களை (ப்ராசஸர் கோர் வேறு) அதற்குள் செருகி ஓட்ட வேண்டும்: சூப்பர் நின்டெண்டோவுக்கு ஸ்னெஸ்9எக்ஸ், கேம் பாய் அட்வான்ஸுக்கு எம்ஜிபிஏ, மெகா டிரைவுக்கு ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ், பிளேஸ்டேஷனுக்குப் பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு. வலிமையானது, ஆனால் மெனு ஒரு காடு. முதல் நாளே அதற்குள் நுழைந்து வழி தெரியாமல் நிற்பதைவிட, சில வாரம் கழித்து, குறிப்பாக ஒரு வசதி தேவைப்படும்போது போவது நல்லது.

எமுலேட்டரை ப்ளே ஸ்டோர், எஃப்-டிராய்டு (திறமூல ஆப்களுக்கான ஸ்டோர்), அல்லது உருவாக்குநரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தொடர்புகள், எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும் எமுலேட்டர் எமுலேட்டரே அல்ல. போனில் பிளேஸ்டேஷன் 5 ஓடும் என்று வலம் வரும் ஆப்கள் அத்தனையும் மோசடி. ரோம் என்று சொல்லி ஏபிகே கோப்போ எக்ஸி கோப்போ இறங்கினால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

கேம் கோப்பு: எடுப்பதும் அதன் வடிவங்களும்

எமுலேட்டர் எழுதுவதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் அல்ல. அமெரிக்காவில் கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில், எமுலேட்டர் எழுதுவதற்காகப் பயாஸை ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கேமும் பயாஸும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. இணையத்தில் பரவும் நகலை இறக்குவது, கேம் எவ்வளவு பழையதானாலும், பெரும்பாலான நாடுகளில் பதிப்புரிமை மீறல்தான். கடையில் இப்போது விற்பதில்லை என்பதால் உரிமை காலாவதி ஆகிவிடாது. சொந்த கேட்ரிட்ஜிலிருந்து சொந்தப் பயனுக்கு நகலெடுப்பது பற்றிய விதி நாட்டுக்கு நாடு மாறும்.

நகலெடுப்பது அப்படியொன்றும் கடினமில்லை. கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ் கேட்ரிட்ஜ்களைக் கணினியின் யுஎஸ்பியில் செருகிப் படிக்க ஜிபி ஆபரேட்டர் போன்ற கருவிகள் விற்கின்றன. கேட்ரிட்ஜில் நீங்கள் முன்பு சேமித்த சேவ் கோப்பையும் அதே கருவி எடுத்துத் தரும். பிளேஸ்டேஷன் சிடியைக் கணினியின் சாதாரண சிடி டிரைவே படிக்கும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: ஐஎஸ்ஓ வடிவில் எடுக்காதீர்கள். ஐஎஸ்ஓவில் ஒரு செக்டாருக்கு 2048 பைட்தான் சேமிக்கப்படும். சிடியின் முழு செக்டார் 2352 பைட். விடுபடும் பகுதியில்தான் வீடியோவோடு வரும் ஒலித் தரவின் ஒரு பங்கு இருக்கிறது. தனி டிராக்குகளாக உள்ள இசையும் ஐஎஸ்ஓவில் வராது. பின் (.bin), க்யூ (.cue) என்ற இரட்டைக் கோப்பாக எடுத்தால் எல்லாம் வரும். பிஎஸ்பியின் யுஎம்டி டிஸ்க்கைப் படிக்கக் கணினியில் டிரைவ் கிடையாது. கஸ்டம் ஃபர்ம்வேர் (ஆர்வலர்கள் மாற்றியமைத்த இயங்குதளம்) போட்ட பிஎஸ்பியையே யுஎஸ்பியில் இணைத்து எடுக்க வேண்டும். அதற்கு ஐஎஸ்ஓதான் சரியான வடிவம்.

க்யூ கோப்பு வெறும் உரைக் கோப்பு. எந்த பின் கோப்பில் எந்த டிராக் என்ற பட்டியல்தான் உள்ளே இருக்கும். பின் கோப்பின் பெயரை மட்டும் அழகாக மாற்றிவிட்டால் க்யூவுக்குள் பழைய பெயரே இருக்கும், கேம் திறக்காது. க்யூவை உரைத் திருத்தியில் திறந்து அங்கும் மாற்றினால் சரியாகிவிடும். கேமைத் திறக்கும்போது பின்னைத் தேர்ந்தெடுக்காமல் க்யூவையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கேம் ஓடியும் பின்னணி இசை வராமல் போகலாம்.

இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் இரண்டையும் சேர்த்து சிஹெச்டி என்ற ஒரே கோப்பாக்கிவிடலாம். மேம் எமுலேட்டரோடு கணினிக்கு வரும் சிஹெச்டிமேன் என்ற கருவி அதைச் செய்யும். தரம் இழக்காமல் அளவு குறையும். டக்ஸ்டேஷன் என்ற பிளேஸ்டேஷன் எமுலேட்டரும் ரெட்ரோஆர்க்கின் பிளேஸ்டேஷன் கோர்களும் நேரடியாகத் திறக்கும். பல டிஸ்க் கேம் என்றால், டிஸ்க் கோப்புகளின் பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதி எம்3யு என்ற நீட்டிப்போடு ஓர் உரைக் கோப்பைச் சேமித்து, அதைத் திறக்க வேண்டும். அப்போதுதான் டிஸ்க் மாற்றச் சொல்லும்போது மெனுவிலிருந்தே மாற்ற முடியும்; மெமரி கார்டும் எல்லா டிஸ்க்குக்கும் பொதுவாக இருக்கும்.

கேட்ரிட்ஜ் ரோம்களைச் சுருக்கிய ஸிப் (.zip) கோப்பாகவே வைத்திருக்கலாம். பெரும்பாலான ஆப்கள் அப்படியே திறக்கும். டிஸ்க் இமேஜ்களை விரித்துத்தான் வைக்க வேண்டும். ஒரு கேமுக்கு ரசிகர்கள் வேறு மொழியில் செய்த பேட்ச் (ரோமைத் திருத்தும் சிறு கோப்பு) போடுகிறீர்கள் என்றால் ரோம் எந்தப் பதிப்பு என்று கவனியுங்கள். பிபிஎஸ் வகைப் பேட்ச் மூலக் கோப்பைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் மறுத்துவிடும். ஐபிஎஸ் வகை எதையும் பாராமல் எழுதிவிடும். கேம் பாதியில் உடையும்போதுதான் தெரியவரும். பழைய சூப்பர் நின்டெண்டோ ரோம்கள் சிலவற்றின் தலையில் 512 பைட் கூடுதலாக ஒட்டியிருப்பது இதற்கு வழக்கமான காரணம்.

ஆண்ட்ராய்டில் நிறுவும் முறை

முதலில் போனின் சேமிப்பகத்தில் கேம்ஸ் என்றோ வேறு பெயரிலோ ஒரு புதிய ஃபோல்டர். டவுன்லோட் ஃபோல்டரிலேயே கேம்களைப் போட்டுவைக்காதீர்கள்: ஆண்ட்ராய்டு 11 முதல், சேமிப்பகத்தின் அடித்தளத்துக்கோ டவுன்லோட் ஃபோல்டர் முழுமைக்கோ ஓர் ஆப்புக்கு அனுமதி தர முடியாது. தேர்ந்தெடுக்கும் பட்டன் மங்கிக் கிடப்பதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் பலர். புதிய ஃபோல்டருக்குள் ஒவ்வொரு கன்சோலுக்கும் ஒரு துணை ஃபோல்டர். பின், ஐஎஸ்ஓ போன்ற நீட்டிப்புகளைப் பல இயந்திரங்கள் பகிர்ந்துகொள்வதால் பிரித்து வைப்பது நமக்கும் நல்லது, தேடும் ஆப்புக்கும் நல்லது.

லெமுராய்டைத் திறந்து, அமைப்புகளில் இந்த ஃபோல்டரைக் காட்டினால் அதுவே தேடிப் பட்டியலிடும். ரெட்ரோஆர்க்கில் இரண்டு படி: 'லோட் கோர்' சென்று 'டவுன்லோட் எ கோர்' வழியாக வேண்டிய கோரை இறக்க வேண்டும், பிறகு 'லோட் கன்டென்ட்' வழியாகக் கேம் கோப்பைத் திறக்க வேண்டும். பிளேஸ்டேஷன் பயாஸ் கோப்பை ரெட்ரோஆர்க்கின் சிஸ்டம் ஃபோல்டரில் வைக்க வேண்டும். கேம் ஃபோல்டரில் வைத்தால் அது தேடிப் பார்க்காது. கோர் எந்தப் பெயரை எதிர்பார்க்கிறதோ, சிற்றெழுத்து பேரெழுத்து உட்பட அதே பெயர் வேண்டும். கோர் தகவல் பக்கத்தில் எந்தக் கோப்பு இருக்கிறது, எது இல்லை என்று காட்டும். கறுப்புத் திரை வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு பயாஸ் இல்லாமலும் ஓடும், தன் சொந்த மாற்று நிரலைக் கொண்டு. ஆனால் எல்லாக் கேம்களும் அதில் ஓடாது.

சேவ்: இரண்டு வகை, இரண்டு ஆபத்து

கேமுக்குள்ளேயே சேமிப்பது ஒன்று. கேட்ரிட்ஜில் பேட்டரியும், பிளேஸ்டேஷனில் 128 கேபி மெமரி கார்டும் செய்த வேலையை இங்கே ஒரு சிறு கோப்பு செய்கிறது. இன்னொன்று சேவ் ஸ்டேட்: அந்தக் கணத்தில் இயந்திரத்தின் நினைவகம் முழுவதையும் படம்பிடித்து வைப்பது. எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதால் எல்லாரும் இதையே நம்பிவிடுகிறார்கள். ஆனால் சேவ் ஸ்டேட் அந்த எமுலேட்டருக்கும், பல நேரம் அதன் குறிப்பிட்ட பதிப்புக்கும் மட்டுமே உரியது. ஆப் புதுப்பிக்கப்பட்டதும் பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம். கேமுக்குள் சேமித்த கோப்போ வேறு போனுக்கும், பெரும்பாலும் வேறு எமுலேட்டருக்கும்கூடப் போகும். ஸ்டேட் இடைவேளைக்கு, நீண்ட நாள் பாதுகாப்புக்குக் கேமின் சொந்த சேவ்.

அதிலும் ஒரு குழி. கேமுக்குள் சேமித்ததும் கோப்பு உடனே எழுதப்படும் என்பதில்லை. ரெட்ரோஆர்க்கில் கேமை மூடும்போதுதான் எழுதும்படி அமைந்திருக்கக்கூடும். அதற்குள் ஆப்பை மேலே தள்ளி மூடினாலோ, பின்னணியில் ஆண்ட்ராய்டே அதைக் கொன்றாலோ சேவ் போய்விடும். சேவிங் அமைப்பில் உள்ள சேவ்ரேம் ஆட்டோசேவ் இடைவெளியை 10 வினாடி என்று வைத்துவிட்டால் கவலையில்லை.

படம்

போன் திரை நீளமானது என்பதால் படத்தை இழுத்து நிரப்பத் தோன்றும். செய்யாதீர்கள். வீட்டுக் கன்சோல்கள் 4:3 தொலைக்காட்சிக்காகவும், கேம் பாய் அட்வான்ஸ் 3:2 திரைக்காகவும் வரையப்பட்டவை. இழுத்தால் வட்டம் முட்டையாகும்.

அடுத்தது, நகரும்போது சில பிக்சல் தடித்தும் சில மெலிந்தும் நெளிவது. 160 வரிகள் உள்ள கேம் பாய் அட்வான்ஸ் படத்தை 1080 வரிகளில் நிரப்பினால் 6.75 மடங்கு, முழு எண் இல்லாததால் சில வரிகள் ஏழாகவும் சில ஆறாகவும் விரியும். இன்டீஜர் ஸ்கேலிங்கை ஆன் செய்தால் சரியாக 6 மடங்கு, 960 வரி. சுற்றிலும் கொஞ்சம் கறுப்பு விளிம்பு வரும், படம் கூர்மையாக நிற்கும். பழைய தொலைக்காட்சியின் சாயல் வேண்டுமென்றால் சிஆர்டி ஷேடர் என்ற பட வடிகட்டி இருக்கிறது. எளிய போனில் ஸீஃபாஸ்ட்-சிஆர்டி போன்ற லேசான ஒன்று போதும்.

முப்பரிமாணக் கேம்களில் உள் ரெசல்யூஷனை, அதாவது எமுலேட்டர் படத்தை வரையும் அளவை, உயர்த்தலாம். பிஎஸ்பியின் 480×272ஐ 3 மடங்காக்கினால் 1440×816. அதற்கு மேல் போன் திரையில் வேறுபாடு தெரிவது அரிது, பேட்டரிக்குத்தான் தெரியும். பிளேஸ்டேஷனில் உயர்த்தினாலும் உருவங்களின் முனைகள் நடுங்கும். அந்த இயந்திரம் முனைகளின் இடத்தை முழு எண்களாக மட்டுமே கணக்கிட்டதுதான் காரணம். டக்ஸ்டேஷனில் உள்ள பிஜிஎக்ஸ்பி இதைப் பெருமளவு சரிசெய்கிறது.

90 ஹெர்ட்ஸ் திரை உள்ள போன் என்றால் அமைப்பில் 60 அல்லது 120க்கு மாற்றிவிடுங்கள். வினாடிக்கு 60 படங்களை 90 தடவையில் சமமாகப் பங்கிட முடியாது. நகர்வு சீரற்றுத் தெரியும். ஐரோப்பியப் பதிப்புகளோ 50 படங்களுக்கு எழுதப்பட்டவை. அவை 60இல் தடுக்கித் தடுக்கி நகரும். பல கேம்கள் அசலிலேயே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின.

கைகள்

தொடுதிரைப் பட்டன்களுக்கு விளிம்பு கிடையாது. விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் தெரியாது. முறை வைத்து ஆடும் கேம்கள், புதிர்கள், டிஎஸ் கேம்கள் ஆகியவற்றுக்கு அது போதும். குதித்து ஓடும் கேம்களுக்கும் சண்டை கேம்களுக்கும் கன்ட்ரோலர் இல்லாமல் முயல்வது வீண். தொடுதிரையிலேயே ஆடுவதானால் போனின் மூன்று விரல் ஸ்கிரீன்ஷாட் சைகையை முதலில் அணையுங்கள். இரு பட்டன்களையும் திசையையும் சேர்த்து அழுத்தும்போதெல்லாம் போன் படம் எடுத்துக்கொண்டிருக்கும்.

டூயல்ஷாக் 4 கன்ட்ரோலரை இணைக்க, பிஎஸ் பட்டனையும் ஷேர் பட்டனையும் விளக்கு வேகமாக மின்னும் வரை சேர்த்து அழுத்திப் பிடித்து, புளூடூத் பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஏ பட்டன் கீழே, நின்டெண்டோவில் ஏ வலப்பக்கம். எழுத்தை நம்பி அழுத்தினால் மாறித்தான் வேலை செய்யும். ரெட்ரோஆர்க் பின்பற்றுவது சூப்பர் நின்டெண்டோவின் அமைப்பை.

அழுத்தியதற்கும் உருவம் அசைவதற்கும் இடையிலான தாமதம் பல இடங்களில் சேர்கிறது. ஒரு ஃப்ரேம், அதாவது வினாடிக்கு 60 படங்களில் ஒன்று, 16.7 மில்லிவினாடி. கேமுக்கே ஓரிரு ஃப்ரேம் தாமதம் உண்டு. எமுலேட்டரும் திரையும் தம் பங்குக்குக் கூட்டும். ரெட்ரோஆர்க்கின் ரன்-அஹெட் வசதி அடுத்த ஃப்ரேமை முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டி, கேமின் சொந்தத் தாமதத்தையே குறைக்கிறது. 1 என்று வையுங்கள். உருவம் அசையத் தொடங்கும்போது முதல் அசைவு விடுபட்டுத் தாவுவதுபோல் தெரிந்தால் அந்தக் கேமுக்கு அது அதிகம். ப்ராசஸர் சுமை ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால் பழைய இயந்திரங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒலி பிந்தி வருகிறதென்றால் பெரும்பாலும் எமுலேட்டர் மேல் பழியில்லை. புளூடூத் இயர்போன்களில் 100 முதல் 200 மில்லிவினாடித் தாமதம் சாதாரணம். வயர் இயர்போனோ போனின் ஸ்பீக்கரோ போதும்.

ஒலி கரகரத்தால் உடனே ஆடியோ அமைப்பைத் தொடாதீர்கள். முதலில் எஃப்பிஎஸ் எண்ணை (வினாடிக்கு எத்தனை படங்கள்) திரையில் காட்டச் செய்யுங்கள். 60இல் அசையாமல் நின்றும் கரகரப்பு இருந்தால் ஆடியோ லேட்டன்சி என்ற ஒலித் தாமத அமைப்பைப் படிப்படியாக உயர்த்திப் பாருங்கள். எண் 45, 50 என்று சரிந்தால் போனுக்கு வலு போதவில்லை. பேட்டரி சேவர் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அது ப்ராசஸர் வேகத்தைக் கட்டிப்போடும். பிறகு உள் ரெசல்யூஷனைக் குறையுங்கள். படம் வரையும் இரு முறைகளான வல்கனுக்கும் ஓப்பன்ஜிஎல்லுக்கும் இடையே மாற்றிப் பாருங்கள். சில கிராஃபிக்ஸ் சிப்புகளின் டிரைவர்கள் ஒன்றில் நன்றாகவும் மற்றொன்றில் மோசமாகவும் வேலை செய்யும். முதல் பத்து நிமிடம் சீராக ஓடி அதன் பிறகு சரிந்தால் அது சூடு. போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. சார்ஜரைக் கழற்றி, உறையையும் கழற்றிவிட்டு, ரெசல்யூஷனை ஒரு படி இறக்கி ஆடுங்கள்.